பகல் நித்திரை

மருதானையில் பல் செய்கிறவள் நான்.
மெழுகில் முரசு, அக்ரிலிக்கில் சிரிப்பு.
ஆளைப் பார்க்காமல்
வாயை மட்டும் அறிந்திருப்பது என் தொழில்.
அம்மாவின் மண்டலின்
எமரன்சியா என்று ஊசியால் கீறிய பெட்டியோடு
என் பங்குக்கு வந்தது.
தையல் மெஷினை அண்ணன் எடுத்துக்கொண்டான்.
அது ஓடும்.

முதுகுப் பலகை நகம் நுழையப் பிளந்திருந்தது.
குதிரைக்கு ஒரு கால் இல்லை.
மெட்டுகளில் களிம்பு,
தேய்மானம் ஏழாவது வரைக்கும்தான்.
அதற்கு மேலே அவள் போனதில்லை.

பிளவுக்குப் பசை.
பசைக்கு மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றி
மூன்று நாள் அலுமாரி உச்சியில் வைத்தேன்.
குதிரையின் காலைக் கடைவாய்ப்பல் அக்ரிலிக்கில் வார்த்தேன்,
வெற்றிலை போடாத ஒருவரின் நிறத்தில்.
மெட்டு என்றால் இந்தப் பித்தளைக் கோடா
பாட்டா என்று கேட்டான் லேப் பெடியன்.
தேய்க்கிறவளுக்குக் கோடு என்றேன்.

மண்டலினில் கம்பிகள் சோடி சோடியாகப் போகும்.
இரண்டுக்கும் ஒரே சுருதி,
ஒன்று மற்றதைச் சத்தமாக்கும்.
இதில் ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைக் காணோம்.
அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.
பெட்டியின் வெல்வெட் கிழிசலுக்குள்
பங்குப் பத்திரிகைத் தாளில் சுற்றி
எண்ணெய் பூசி
வளையல்போல வளைத்து வைத்த நான்கு கம்பிகள்.
கழற்றியிருக்கிறாள்.

பிறகு பல் பார்க்கும் கண்ணாடியைத்
துவாரத்துக்குள் விட்டுப் பார்த்தேன்.
நீலக் கட்டம் போட்ட துணி.
இடுக்கியால் இழுக்க இழுக்க
ஒரு முழம் வந்தது.
பப்பாவின் சாரம்.

அப்போது ஜம்பட்டா வீதித் தோட்டத்தில்
எங்களுக்கு ஓர் அறை, அலுமாரிதான் சுவர்.
இரவு முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு
(ஒரு காதை அது தின்றுவிட்டது)
காலை எட்டிலிருந்து மூன்று வரை
அந்தப் பக்கம் அவர் படுத்திருப்பார்.
இந்தப் பக்கம் நாங்கள்
கரண்டி பிளேட்டில் முட்டாமல் சாப்பிடப் பழகினோம்.
இருமல் வந்தால் தலையணை.
நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு
இந்தப் பக்கம் என்ன நடந்ததென்று
எனக்குத் தெரியாது.
கலியாணத்துக்குப் பிறகு அவள் அதைத் தொட்டதேயில்லை
என்பதுதான் வீட்டில் சொன்ன கதை.
அவளும் அதைத்தான் சொன்னாள்.

புறக்கோட்டையில் எட்டுக் கம்பி வாங்கினேன்.
மீன் பிடிக்கவா என்று சிங்களத்தில் கேட்டார் கடைக்காரர்,
பகிடிக்குத்தான்.
அவளுடைய நான்கையும்
அதே தாளில் சுற்றி அதே கிழிசலில் வைத்தேன்.
சாரத்துண்டைத் தோய்த்தேன்.
சாயம் கொஞ்சம் போனது.

சனிக்கிழமை, பதினொரு மணி,
மோதரைத் தொடர்மாடியில் ஐந்தாம் தளம்.
பப்பாவுக்கு எழுபத்தொன்பது.
துறைமுகத்தை விட்டு இருபது வருடமாகியும்
பகலில்தான் படுக்கிறார்.
கட்டிலுக்குப் பக்கத்துக் கிளாஸில்
நான் செய்து கொடுத்த பல்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
சுருதி நிற்கிறதா என்று பார்க்க
மூன்றாம் சோடியை ஒரு தரம் தட்டினேன்.
ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.
கம்பிக் கதவருகே கிடந்த பூனை
எழுந்து படியிறங்கிப் போனது.
கையால் பொத்தினேன், பொத்தியும் நிற்கவில்லை.

பப்பா கண்ணைத் திறக்கவில்லை.
பல்லில்லாத வாயால் கேட்டார்:
"துணிய எடுத்திட்டியோ?"

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ.
கீழே மீன் வண்டியின் ஹோர்ன்.

"நான் முழிச்சுக் கிடக்கிறது தெரிஞ்சா
நிப்பாட்டிப்போடுவா"
என்றார், சுவரைப் பார்த்து.
பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்,
கேட்கிற காது
மேலே இருக்கும்படி.