மேலே ஜூலை

நவம்பருக்குள் கார் உள்ளே வந்தாக வேண்டும்.
போன குளிரில் தண்டர் பேயில்
கார்க் கதவுக்கு வெந்நீர் ஊற்றினோம்.
ஊற்றிய நீர் ஊற்றிய இடத்திலேயே உறைந்தது.

கராஜிலோ கால் வைக்க இடமில்லை.
நடுவில் ரம்ப மேசை,
சுற்றிலும் எஸ்கோ எறியாமல் வைத்த சகலமும்:
ஒற்றைச் சறுக்குக் கட்டை, மூன்று மண்ணெண்ணெய் விளக்கு,
கழுவிக் காயவைத்த காலி பெயின்ட் டப்பாக்கள்.
"எல்லாம் உதவும்" என்றான்.
சரி, தரை அவனுக்கே இருக்கட்டும்.
கதவு திறந்து ஏறிப் படுக்கும் தண்டவாளத்துக்கும்
உட்கூரைக்கும் நடுவே
பத்தொன்பது அங்குலம்
யாரும் பட்டா போடாமல் கிடந்தது.

ஏணியில் ஏறி விரல் முட்டியால் தட்டினேன்.
டொம். டொம். டொம்.
பதினாறு அங்குலத்துக்கு ஒரு தடவை
டக்.
சந்தேகத்துக்கு மெல்லிய துளை போட்டேன்.
வெள்ளை மாவு உதிர்ந்தால் வெறும் பலகை,
மஞ்சள் சுருள் வந்தால் உத்தரம்.
முதல் நான்கும் மாவு:
கண்ணில், காதில், காப்பியில்.
ஐந்தாவதில் பைன் வாசனை.

விரல் தடிமனில் பன்னிரண்டு திருகாணி.
இரண்டுக்கு நாலு கட்டைகள். மேலே ஒட்டுப்பலகை.
"எவ்வளவு தாங்கும்?"
கணக்குச் சொல்லியிருக்கலாம்.
முக்காலியிலிருந்து எட்டி
கட்டையை இரு கையாலும் பற்றி
குதித்துத் தொங்கினேன்,
ஐம்பத்தெட்டு வயது, அறுபத்துமூன்று கிலோ.
முனகக்கூட இல்லை, பரண்.
எஸ்கோ கைதட்டவுமில்லை, திட்டவுமில்லை.
அளவுநாடாவை இழுத்து
என் பாதத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே பிடித்து
"பதின்மூன்று" என்றான்.
முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில்
அவன் என்னை அளந்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகு கோடையை ஏற்றினோம்.
நான்கு டயர், தூண்டில்கள், மடக்கு நாற்காலி,
இன்னும் புகை வாசம் போகாத கூடாரம்.
கடைசியில் கப்பி கட்டி கனூ,
ரம்ப மேசைக்கு நேர் மேலே, மூக்கு சற்றே தாழ.
இன்னும் ஒரு சாண் ஏறட்டும் என்று
எஸ்கோவின் நெற்றி இரண்டு முறை சொன்னது.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் உள்ளே, பனி சொரிந்தபடி.
அந்தக் குளிரில் முதன்முதலாக ஹீட்டர் போட்டு
அலமாரி ஒன்றுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.
தாளில் ஒரு சொட்டு.
பென்சில் கோடு கரையாது, ஆனாலும் தாள் உப்பியது.

சூடு முதலில் மேலேதான் போகும்,
அதை நான் யோசிக்கவில்லை.
அண்ணாந்தால்
கனூவின் மூக்கில் அடுத்த துளி திரண்டுகொண்டிருந்தது.
ஜூலையில் அதன் மூக்கறைக்குள் புகுந்த ஏரி.
நாங்கள் கவிழ்த்து வடித்தபோது ஒளிந்துகொண்டு
இத்தனை நாள் பனிக்கட்டியாய்
எங்கள் தலைக்கு மேல் இருந்திருக்கிறது.
விரலில் தொட்டு நக்கினேன்.
பாசியும் கொஞ்சம் தகரமும்.

எஸ்கோ எதுவும் பேசவில்லை.
மூலைக்குப் போய்
காலி பெயின்ட் டப்பா ஒன்றைத் தேர்ந்து
(இரண்டைப் பார்த்து ஒதுக்கிய பிறகு)
துளிக்கு நேராக வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

டொம்.
டொம்.