மிச்சக் குளிர்

சல்மாபாத். பிற்பகல் ரெண்டரை.
எவர் வில்லாவோ கழித்த ஃப்ரிட்ஜ்
முதுகு காட்டிக் கிடக்கிறது.
கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது
ஒரு பிள்ளையின் காந்த ஒட்டகம்.

இன்னாசி ஸ்டிக்கரைத் துடைத்து
இரண்டு முறை வாசித்தான்:
நூற்று முப்பத்து நாலு, ஏ.
வாசிக்காத மொக்லேஸ்
ஜன்னல் ஏசி வாயுவைக் காரில் ஏற்றி
ஹோஸ் வெடித்து
புருவமில்லாமல் திரிகிறான்.

செப்புக் குழலைக் கவ்வியது வால்வு.
காலி சிலிண்டரை ஐஸ் வாளிக்குள் அமுக்கி
"வரும். குளிர்ந்த பக்கம்தான் வரும்" என்றான்,
முதலாளியைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி.

தராசில் தொண்ணூறு கிராம்.
என் கரோலா கேட்பது ஐந்நூறு.
இது நாலாவது ஃப்ரிட்ஜ்.

ஏற்றியாயிற்று.
ஓடினால் குளிர்கிறது,
சிக்னலில் நின்றால் வெந்நீர்க் காற்று.
முகர்ந்து பார்த்தேன்:
யார் வீட்டுத் தயிரும் மணக்கவில்லை.

"இன்னும் ரெண்டு செத்தா போதும்ணே."

ராத்திரி
எங்கள் அறை ஃப்ரிட்ஜ் புதிதாய் ஒரு தினுசில் முனகியது.
உள்ளே எட்டுப் பேரின் மீன்குழம்பு.
ஏழு பேர் எழுந்து அதைத் தட்டிப் பார்த்தார்கள்.
நான் தூங்குகிறவன் போலப் படுத்து
ஸ்டிக்கர் எந்தப் பக்கம் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.