குறிப்பேடு, பத்தி ஏழு

அந்த அறையில் என் வேலை
பேசியதைச் சுருக்குவது.
இரண்டு மணி நேரத்தை இரண்டு பக்கமாக்க வேண்டும்,
யார் குரலும் உயர்ந்ததாகத் தெரியாமல்.

பீட்டர்ஹெட் துறைமுகத்தில் ஜனவரி.
மீன் லாரிகள் போன பிறகும் தெருவில் உப்புக் காற்று.
வடகடல் கணப்பு நிதியின் புதுக் கட்டடத்திலோ
தரைக்கு அடியிலும் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
எல்லோரும் கோட்டைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்கள்.

எஃபி பக்கன் மட்டும் கழற்றவில்லை.
முப்பத்தொரு வருஷம் ஆலையில் மீன் அறுத்த கை,
மூன்று விரல் நேரே நிற்காது.
அந்தக் கையைத்தான் தூக்கினார்.

"கடலில் ஆள் போன வீட்டில்
கணப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது.
சாசனத்தில் இருப்பது இந்த ஒரு வரி.
போன குளிர்காலத்தில்
எத்தனை வீட்டில் எரிந்தது?"

தலைவர் புன்னகைத்தார். நல்ல மனிதர், அதுதான் சிரமம்.
விழிப்புணர்வு என்றார், கூட்டாண்மை என்றார்,
நாலு கோடி பவுண்டு கையிருப்பு
எதிர்காலத்துக்கு என்றார்.
திரையில் ஒரு வட்டம் ஏழு நிறத்தில் சுழன்றது.

"எதிர்காலம் எந்தத் தெருவில் குடியிருக்கிறது?
கலங்கரைச் சந்தில் மோய்ரா ஸ்ட்ராகன்
கையுறை போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.
உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் இருப்பது
அவள் முகம்."

யாரோ தேநீரைக் கலக்குவதை நிறுத்தினார்கள்.
நான் எழுதினேன்:
உறுப்பினர் ஒருவர் கவலை தெரிவித்தார்.

மூன்று வாரம் கழித்து
வரைவுப் பிரதியோடு என் மேசைக்கு வந்தார்,
கோட்டில் மழை.
"கவலை வந்தால் டாக்டரிடம் போவேன், தம்பி.
இங்கே நான் கேட்டது கேள்வி.
பதில் வராததையும் எழுது."

இறைச்சிக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில்
எங்கள் உண்டியல் ஒன்று இருக்கிறது, படகு வடிவத்தில்.
அதில் விழும் சில்லறையில்
என் மாதச் சம்பளம் எத்தனை மூட்டை நிலக்கரி என்று
ஒருமுறை கணக்குப் போட்டிருக்கிறேன்.
அவர் அதைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
யானை அசைந்து தின்னும்.
இந்த வீடு அசையாமல் தின்கிறது,
நான் அதன் பற்களில் ஒன்று,
சிறியது, சுத்தமானது.

பத்தி ஏழைத் திருத்தினேன்:
எஃபி பக்கன், உறுப்பினர் எண் 4117.
எத்தனை வீட்டில் கணப்பு எரிந்தது எனக் கேட்டார்.
பதில் தரப்படவில்லை.

தலைவர் இரண்டு முறை படித்தார்.
இதைவிட மென்மையான சொல் இருக்கிறதா என்றார்.
இருக்கிறது என்றேன்.
காத்திருந்தார்.
நான் பேனாவை எடுக்கவில்லை.
வெகுநேரம் கழித்துக் கையெழுத்திட்டார்.

மோய்ராவின் புகைபோக்கியில் இன்னும் புகை இல்லை.
தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன்,
நிமிர்ந்து பார்க்கிறேன்.

விதிப்படி, அடுத்த ஆண்டுக் கூட்டம்
சென்ற கூட்டத்தின் குறிப்பை
உரக்க வாசித்துத்தான் தொடங்க வேண்டும்.
வாசிப்பவன் நான்.