பழுதின் காரணம்

நாட்டு மருந்துக் கடையில்
இருபது கிலோ கடுக்காய் கேட்டேன்.
"யாருக்கும்மா வயிறு சரியில்ல?"
சுவருக்கு, என்றேன்.
கடைக்காரர் தராசை விட்டுவிட்டு
என் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

ஆறு மாதப் பயிற்சி. மாதம் எட்டாயிரம்.
திருமங்கலத்திலிருந்து விடிகாலைப் பஸ்.
தெப்பக்குளத்துக்குத் தெற்கே
கூரை பாதி போன ஒரு சத்திரம்.
சிவில் படித்தவள் என்கிற நினைப்பை
முதல் வாரமே சுண்ணாம்பு தின்றுவிட்டது.
குழியில் கல் கொதித்துப் புரளும்போது
எட்டி நிற்க வேண்டும் என்று
எந்த செமஸ்டரிலும் யாரும் சொல்லவில்லை.
வலது புருவத்தில் ஒரு துளி.
இன்னும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, சலித்த மணல்.
புளித்த வாடை என் கூடவே வீட்டுக்கு வரும்,
பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைக் காலியாகவே வைத்திருக்கும்.
நாகூர்மீரா அரைப்பான். நான் தேதி குறிப்பேன்.
என்னைவிட ஒரு வயது இளையவள் இருளாயி
கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துப் பார்ப்பாள்.
விழுந்தால் "இன்னும் ரெண்டு நாளு."
விழாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் சேலையைச் செருகுவாள்.

மூன்றாம் மாதம் வடக்குச் சுவர்.
யாரோ அதற்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள்.
குடித்த நீரை வெளியே விட வழியில்லாமல்
சுவர் அதை மேலே மேலே ஏற்றி
ஆளுயரத்துக்கு உப்பாய்ப் பூத்து நின்றது.
"எந்த மடையன் போட்டது இதை?" என்றான் நாகூர்மீரா.
நானும்தான் சிரித்தேன்.
உளி வைத்தோம். சுத்தியல் திரும்பி வந்தது.

மூலைக்கு வந்தபோது பார்த்தேன்:
தரையும் சுவரும் சேருமிடத்தில் ஒரு வளைவு.
சோடாப் பாட்டிலின் முதுகை வைத்து
ஒரே இழுப்பில் இழுத்தது.
எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது அது.
அத்தை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது.
அதற்கு மேலே ஆணியால் கீறிய தேதி, 4-6-2007.
எனக்கு முதல் ஷூ வாங்கிய வாரம்.

எல்லோரும் டீக்குப் போனார்கள்.
நான் போகவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன்.
சத்திரத்தின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை.
காண்ட்ராக்டரின் பெயர் வந்தது,
அவன் பாக்கி வைத்த தொகை வந்தது.
"ஒண்ணுக்கு நாலு கலவை.
டெண்டர்ல அதான் எழுதியிருந்துச்சு."
சட்னியைத் தொட்டபடி கொஞ்ச நேரம்.
பிறகு,
"லேசா வந்துருச்சா?"
இல்லப்பா. மூணு நாளு. ரெண்டு உளி மழுங்கிருச்சு.
"வராது," என்றார்.
இன்னொரு தோசை கேட்டார்.

அந்த முகத்தை என்ன செய்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

பெனடிக்டா மேடம் தந்த படிவத்தில்
'பழுதின் காரணம்' என்று ஒரு கட்டம்.
அறியாமை என்று எழுதி அடித்தேன்.
சிமெண்ட் என்று எழுதினேன், போதவில்லை.
கடைசியில்:
2007 பழுதுபார்ப்பு. பொருள் தவறு. வேலை சுத்தம்.
"கடைசி ரெண்டு சொல் எதுக்கு?"
இருக்கட்டும் மேடம்.
அவர் கையெழுத்துப் போட்டார்.
சுவரை ஆறு வாரம் திறந்தே விடச் சொன்னார்.

உடைத்ததையெல்லாம் லாரி அள்ளிப் போயிற்று,
டிபன் பையில் நான் போட்டுக்கொண்ட
தேதியுள்ள துண்டைத் தவிர.
வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.
கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

போன ஞாயிறு தேடினால் காணோம்.
அப்பா எடுத்து, எழுத்தைத் தரைப் பக்கம் திருப்பி
வாஷிங் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.
யாரும் இல்லாத நேரத்தில்
மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில்.