பள்ளத்துக்குள் மதில்

வள்ளியூருக்கு மேற்கே,
மனநல மருத்துவமனைத் தோட்டத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்று
டேப்பும் பழைய வரைபடத்தின் நகலுமாய்
என்னை அனுப்பினார்கள்.

துணியில் ஒட்டிய படம். ஆண்டைக் கரையான் தின்றிருந்தது.
ஓரத்தில் மசியில் மூன்று கட்டளை:
அரளி கூடாது.
எட்டடிக்குக் கீழே கிளை கூடாது.
மலையை மறைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் முதலில் புரிந்தது.
வார்டு வராந்தாவில் நின்றால்
மதில் முழங்கால் உயரம்.
அதற்கு அப்பால் வாழை, பனை, சுற்றுகிற காற்றாலைகள்,
ஆனி மாதத்து மேகத்தைத் தலையில் கட்டிய மகேந்திரகிரி.
அடைத்து வைத்த மாதிரியே இல்லை.
வரைந்தவனுக்கு நல்ல மனசு என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.

கிட்டப் போனேன்.
புல்தரை சரிந்து சரிந்து இறங்கியது.
அடியில் நின்று நிமிர்ந்தால்
அதே மதில், கருங்கல், மூன்று ஆள் உயரம்.
மலை இல்லை.
வானம் ஒரு பாய் அகலம்.

"எல்லாரும் ஒருக்கா எறங்கிப் பாப்போம்" என்றாள்
மேலே நின்ற அன்னப்பழம்.
இருபத்தாறு வருசமாய் இங்கே இருப்பவள்,
சமையல்கட்டுக்குக் கீரை ஆய்கிறவள்.
"பெறவு ஏறி வந்து சோறு திம்போம்.
ஐப்பசியில தண்ணி நிக்கும். தவக்களை கத்தும் பாருங்க,
எங்களையே தோக்கடிச்சிரும்."

டேப்பின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள்.
பாதையை வட்டமாய்ப் போட்டிருந்தான் வரைந்தவன்,
மனம் ஆறும்படி வளைந்து வளைந்து,
எந்த இடத்திலும் கேட் கண்ணில் படாமல்.
புல்லில் இன்னொன்று கிடந்தது.
வார்டு வாசலிலிருந்து கேட்டுக்கு
நேராய், ஒற்றையடியாய்.
படத்தில் இல்லை.

"இது யார் போட்டது?"
"செவ்வாக்கெழம போட்டது."

செவ்வாய்தான் பார்க்க வருகிறவர்களின் நாள்.
நூற்று நாற்பத்தேழு மீட்டர்.
புதுப் படத்தில் அதற்கு என்ன நிறம் என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டாவது கட்டளை வேம்படியில் புரிந்தது.
அத்தனை மரமும் கழுத்து நீண்டு நின்றது.
கைக்கெட்டும் உயரமெல்லாம் வெட்டி ஆறிய தழும்பு.
கயிறு என்று எங்கேயும் எழுதவில்லை,
எட்டடி என்று மட்டும்.

சாயங்காலம் பஸ் பிடித்தேன்.
நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில்
நாங்குநேரி வரைக்கும் அரளி,
லாரிப் புகையில் ஆடிக்கொண்டு,
இளஞ்சிவப்பாய், யாருடைய அனுமதியும் கேட்காமல்.

டேப்பை இழுத்துச் சுருட்டினேன்.
முதல் சாணில் கீரைக்கறை.