குச்சியால் தொட்டுப் பார்த்தது

தலவாக்கலை பெற்றோல் செட்டில் இரண்டாம் நாள்.
தம்பியின் ஆட்டோ நூற்றுப் பதினேழாவது.
முன்கையில் மார்க்கரால் எழுதிய எண்
தூறலில் கரைந்துகொண்டிருந்தபோது
அலோசியஸ் ஓடி வந்தான்:
ஏழாம் நம்பர் மலைப் பீலியில் எண்ணெய் ஊறுதாம்.
நீங்கதானேக்கா மன்னார்க் கடல்ல
கப்பல் ஏறித் துளை போட்டது?

துளை போட்டவர்கள் வேறு ஆட்கள்.
மேலே வந்த சேற்றைக் கழுவி, உலர்த்தி
லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதியவள் நான்.
ஆனாலும் போனேன்.

பீலியடியில் இன்னொரு வரிசை.
பால்மா டின், சோடாப் போத்தல்,
தெய்வானை கையில் லாம்பின் அடிப்பாகம் மட்டும்.
பாறை இடுக்கில் தேங்கிய நீர்மேல்
மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம்.

தேயிலைக் குச்சி ஒடித்துக் கீறினேன்.
எண்ணெய் என்றால் கீறிய இடம் வழுக்கிக் கூடிக்கொள்ளும்.
இது உடைந்தது,
நொறுங்கிய அப்பளம்போல் கோணல்மாணலாய்;
சில்லுகள் திரும்பச் சேரவில்லை.
இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்
விரித்து வைத்த தோல்.

யாரும் பேசவில்லை.
பிறகு லொறிக்கார லோகிதராசா கேட்டார்:
அடியில இருக்காதா, ஆழமாத் தோண்டினா?

எங்கிருந்து தொடங்க.
முதலில் சாவு வேண்டும்,
கடலின் கண்ணுக்குத் தெரியாத சாவுகள்
காற்றுப் படாத சேற்றில் படிய வேண்டும்.
பிறகு சூடு:
தேத்தண்ணி கொதிக்கும் அளவு,
கோடி வருஷம் கூட்டாமல் அணைக்காமல்.
இந்த மலை பதம் தாண்டியது.
முப்பது கிலோமீற்றர் ஆழத்தில்
இரும்பு பழுக்கும் சூட்டில் பிசைபட்டுக் கிடந்தது.
எண்ணெயாகியிருக்க வேண்டியது பென்சில் கரியாயிற்று.

பாறையை நகத்தால் சுரண்டிக் காட்டினேன்.
வெள்ளி மினுக்கம் விரலில் ஒட்டியது.
எரியாது, எழுதும், என்றேன்.
அலோசியஸ் அதைத் தேய்த்து
என் கையில் அழிந்த எண்மேல் மறுபடி எழுதினான்.
ஏழு கொஞ்சம் ஒன்றைப்போல் விழுந்தது.

மீதியைச் சொல்லவில்லை.
பிறந்த இடத்தில் எண்ணெய் தங்காது,
நீரைவிட இலேசு, மணற்பாறையின் துவாரம் துவாரமாய்
ஏறிக்கொண்டே இருக்கும்.
மேலே களிப்பாறை மூடி இல்லாவிட்டால்
கடலில் கசிந்து காணாமற்போகும்.
மூடி மட்டும் போதாது,
கவிழ்த்த சட்டிபோல் பாறை வளைந்திருக்க வேண்டும்,
அதுவும் எண்ணெய் வந்து சேருமுன்.
நான் இருந்த துளையில்
சேறு, சூடு, மணல், மூடி எல்லாம் சரி.
சட்டிதான் பிந்தி வளைந்தது.
கடந்துபோனதன் கறை மட்டும்
மணலில் மஞ்சளாய் ஒளிர்ந்தது, ஊதா வெளிச்சத்தில்.

அந்த மணலில் ஒருநாள்
மாதுளை முத்து நிறத்தில் ஒரு துகள் பார்த்தேன்.
கார்னெட். மலைநாட்டுக் கல்.
எனக்கு வெகு முன்னே
வேலை தேடி இறங்கிப் போயிருந்தது.

தெய்வானை லாம்பை அலசி
பீலித் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள்.
இரும்பு வாடை, என்றாள். வேறொன்றுமில்லை.

இறங்கி வந்தபோது
பவுசர் வந்து போயிருந்தது.
நூற்று முப்பது வரை கொடுத்தார்களாம்.
ஆட்டோவை ஓரமாய் விட்டிருந்தார்கள்.
டாங்கி காலி,
தள்ளுவதற்கு இலேசாய்த்தான் இருந்திருக்கும்.