இரண்டு மில்லிமீட்டர்

ரோலின் அகலம் ஆறு அங்குலம்.
நீளம் அறுபத்தைந்து மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும்,
நான் அளந்ததில்லை.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
கட்டர் இரண்டு முறை இறங்கும்.
முதல் வெட்டு இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு.
இடையில் விழும் கீற்று இரண்டு மில்லிமீட்டர்.
அதில் ஒரு பக்கம் பட்டுக்கரை,
மறுபக்கம் யாருடைய வானமோ.
டப்பா நிறைந்தால்
ஸ்ரீராமபுரத்துக் குப்பை வண்டியில் கொட்டுவேன்.
முதலாளி நஞ்சுண்டப்பா படங்களை எண்ணுவார்,
கீற்றுகளை எண்ணுவதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி, மழை.
சென்சார் சும்மா சும்மா பொய் சொல்கிறதென்று
சாதிக் அதன் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.
நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.
கட்டர் எப்போது செத்ததோ.

திரும்பி வந்தபோது
காகிதம் ட்ரேயைத் தாண்டி
என் நாற்காலிக் காலைச் சுற்றி
செருப்பு விடும் இடம்வரை போயிருந்தது,
ஒரே துண்டாக.
ரோலும் தீர்ந்திருந்தது. அடுத்தது திங்கட்கிழமைதான் வரும்.

நெலமங்கலத்துக் கல்யாணம் முடியுமுன்பே
வந்து நிற்கிறது
இன்சூரன்சுக்காக எடுத்த நசுங்கிய ஆல்டோ.
பெண்ணின் முந்தானை பம்பரில் மாட்டியிருக்கிறது.
அதன் பின்விளக்கில் தொடங்குகிறது
கே.ஆர்.புரத்துக் குழந்தையின் முதல் பிறந்தநாள்.
குழந்தையின் பலூன்
பக்கத்தில் இருப்பவரின் காதை உரசுகிறது.
அவர் அந்தோணிசாமி. சாம்பல் நிறக் கோட்டு.
மாலை போட்டு மாட்டுவதற்கான படம்.
மகள் சகாயமேரி காலை எட்டுக்கு வருவாள்,
ஒன்பதுக்குப் பூசை.

அவருக்கு அடுத்து, எட்டு முறை, ஒரே பையன்.
கத்தாருக்குப் போகிறவன்,
சிரிக்கக் கூடாது என்று சொல்லி
நானே எடுத்தது.
வெள்ளைப் பின்னணி.
அந்தோணிசாமிக்கும் வெள்ளைதான்.

இரும்பு ஸ்கேலும் கத்தியும் எடுத்தேன்.
முந்தானையை விடுவித்தேன்.
காரைத் தனியே நிறுத்தினேன்.
பலூனைக் குழந்தையிடம் கொடுத்தேன்.
இதெல்லாம் சுலபம்,
நிறம் மாறும் இடத்தில் கத்தி வைத்தால் போதும்.

வெள்ளையில்தான் கை நின்றது.
செத்தவர் எங்கே முடிகிறார்,
புறப்படுகிறவன் எங்கே தொடங்குகிறான்,
ஒரு கோடும் இல்லை.
மெஷின் இதை என்னிடம் கேட்டதே இல்லை.
அதற்குத் தெரியும், அல்லது அக்கறையில்லை,
இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

பையனிடம் குறைக்க முடியாது.
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து வராவிட்டால்
கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்,
பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும்.
அதனால் பெரியவரின் இடது தோளில்
ஒரு நூல் தள்ளி வெட்டினேன்.
மன்னிச்சுக்கோங்க என்றேன்,
யாரும் இல்லாத லேபில், வாய்விட்டு.

காலையில் சகாயமேரி உறையைப் பிரித்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
நான் சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்காரே."
பிறகு அவளே,
"கடைசியில இளைச்சுதான் போனாரு."
ஐம்பது கொடுத்தாள். இருபது கொடுத்தேன்.

பையன் பதினொரு மணிக்கு வந்தான்.
தன்னை எட்டு வரைக்கும் எண்ணினான்.
இடது ஓரத்தில் இதென்ன, சாம்பல் கலரில் என்றான்.
மெஷின் கோளாறு என்றேன்,
கொடு, சீவித் தருகிறேன் என்றேன்.
நேரமாச்சுக்கா, இருக்கட்டும் என்று
அப்படியே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.